கடற்பறவை நாடகத்தில் நாங்கள் சிரித்தது சரிதானா?

தேம்ஸ்கரையான்

நேற்று இரவு லண்டன் பார்பிகன் அரங்கில் ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘கடற்பறவை’ நாடகம் பார்த்தேன். தாமஸ் ஆஸ்டர்மையர் இயக்கம், கேட் பிளான்செட் ஆர்கதினாவாக நடிக்கிறார். மேடை நடுவில் ஆளை மறைக்கும் உயரத்தில் நாணல் போல ஒரு புதர், அதற்குள்ளிருந்துதான் எல்லோரும் வருகிறார்கள், போகிறார்கள். ஆரம்பத்திலேயே ஒருவர் நான்கு சக்கர பைக்கில் வந்து இறங்கி, எலெக்ட்ரிக் கிட்டாரில் ஆங்கிலப் பாடகர் பில்லி பிராக்கின் பாட்டைப் பாடுகிறார். பிளான்செட் ஆடுகிறார், மேடையில் காலை விரித்து உட்கார்ந்து எழுகிறார். கண்ணை எடுக்க முடியவில்லை.

என் கேள்வி நாடகத்தைப் பார்த்த எங்களைப் பற்றியது. கதை தெரியாதவர்களுக்காக: ஆர்கதினா பேர்பெற்ற நடிகை. அவள் மகன் கோஸ்த்யா திரெப்லேவுக்கு அவளுடைய நாடகங்கள் பிடிக்காது, புதிய வடிவம் வேண்டும் என்பான். ஏரிக்கரையில் சின்ன மேடை போட்டு, தான் எழுதிய நாடகத்தை அம்மாவுக்கும் விருந்தாளிகளுக்கும் காட்டுகிறான். நடிப்பவள் அவன் காதலி நீனா. இன்னும் 2 லட்சம் ஆண்டுகள் கழித்து உலகத்தில் உயிரே இல்லாமல் போனபின் ஒரே ஓர் ஆன்மா பேசுவதுபோல அவள் பேசுகிறாள். “குளிர், குளிர், குளிர். வெறுமை, வெறுமை, வெறுமை.” இந்தத் தயாரிப்பில் அதைப் பார்க்கும் விருந்தாளிகளுக்கு விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடி மாட்டிவிடுகிறார்கள். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அம்மா நடுவில் நடுவில் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறாள். பையன் பொறுக்க முடியாமல் நாடகத்தை நிறுத்திவிடுகிறான். எங்கள் சிரிப்பும் நின்றது. எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தப் பையனை அவமானப்படுத்தியது ஆர்கதினா மட்டும்தானா? அவளோடு சேர்ந்துதானே நானும் சிரித்தேன்? பக்கத்தில் இருந்த பெண்மணி இடைவேளையில், “சிரிக்கத்தானே அப்படி வைத்திருக்கிறார்கள்” என்றார். என் மனது கேட்கவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பின்வரிசை

அண்ணா, இந்த நாடகத்துக்கு இது புதிதல்ல, பிறந்த அன்றே நடந்ததுதான். 1896 அக்டோபர் 17, பழைய ரஷ்ய நாள்காட்டிப்படி. செயின்ட் பீட்டர்ஸ்பர்க், அலெக்சாந்திரின்ஸ்கி அரங்கம். நீனாவாக வேரா கோமிஸ்ஸார்ஷெவ்ஸ்கயா. அதே வசனத்துக்கு அன்றைக்கு அரங்கமே சிரித்தது, ஆனால் அது நீங்கள் சிரித்த சிரிப்பு இல்லை. சீட்டியும் கேலியுமாக நாடகம் முழுக்க ஓடியிருக்கிறது. செகாவ் அரங்கத்தில் உட்கார முடியாமல் எழுந்துபோய் மேடைக்குப் பின்னால் ஒரு ஒப்பனை அறையில் இருந்துகொண்டார். நாடகம் முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் வெளியேறி, இரவு வெகுநேரம் தெருத்தெருவாக நடந்திருக்கிறார். தங்கியிருந்த இடம் நண்பர் சுவோரின் வீடு. அங்கே வந்து அவரிடம், இன்னும் 700 வருஷம் உயிரோடு இருந்தாலும் இனி நாடக அரங்கத்துக்கு ஒரு நாடகமும் தரமாட்டேன் என்றாராம். மறுநாளே ஊரைவிட்டுக் கிளம்பி மெலிகோவோவில் இருந்த தன் கிராமத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

மேடையில் ஒரு பையன் எழுதிய நாடகத்தைப் பார்த்து ஒரு கூட்டம் சிரிக்கிறது, அவன் ஓடிப்போகிறான். கீழே அதே வசனத்துக்கு இன்னொரு கூட்டம் சிரிக்கிறது, எழுதியவர் ஓடிப்போகிறார். தனக்கு நடக்கப்போவதை முந்தின வருஷமே எழுதி வைத்துவிட்டாரே என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஒருமாதிரி இருக்கும்.

ஆர்மோனியப்பெட்டி

அன்றைக்கு வந்த கூட்டம் யார் என்பதையும் பார்க்க வேண்டும் தம்பி. அது லெவ்கேயெவா என்ற நகைச்சுவை நடிகையின் 25 ஆண்டு மேடை வாழ்க்கையைக் கொண்டாடிய இரவு. வசூல் அந்த நடிகைக்கு. எங்கள் தாத்தா ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர், அவர் இதைப் ‘பெனிபிட் நாடகம்’ என்பார். யாருக்காகப் போடுகிறார்களோ அவருடைய ரசிகர்கள்தான் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். பபூனுக்குப் பெனிபிட் என்றால் வந்தவர்கள் வள்ளி தர்க்கம் கேட்க வரமாட்டார்கள், பபூன் எப்போது வருவார் என்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கூட்டத்திடம் தர்க்கத்தை ஒரு மணி நேரம் நீட்டினால் என்ன ஆகும் என்று தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

லெவ்கேயெவா ‘கடற்பறவை’யில் நடிக்கவே இல்லை. அதற்குப் பிறகு போட்ட வேறொரு நகைச்சுவை நாடகத்தில்தான் வந்தார். செகாவ் சின்ன வயதில் சிரிப்புக் கதைகள் எழுதிப் பேர் வாங்கியவர். விளம்பரத்தில் ‘நான்கு அங்க நகைச்சுவை’ என்று வேறு போட்டிருக்கிறது. வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்று காசு கொடுத்து வந்தவர்களுக்கு முன்னால் ஒரு பெண் வந்து, உலகத்தில் எல்லா உயிரும் செத்துப்போய்விட்டது என்று சொல்கிறாள். நான் அவர்களை முழுசாகக் குற்றம் சொல்லமாட்டேன். தப்பான இரவில் போட்டதுதான் பெரிய தப்பு.

ஒத்திகை

நான் ஆர்மோனியப்பெட்டி ஐயா சொல்வதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் மேடையில் நின்றவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சென்னையில் ஒரு சின்னக் குழுவில் பத்து வருஷமாக நடிக்கிறேன், அதனால் எனக்கு அந்தப் பக்கம்தான் முதலில் தெரியும்.

அந்த 1896 தயாரிப்புக்கு ஒத்திகை ஒன்பது நாள் அளவுக்குத்தான் கிடைத்தது. நீனாவாக நடிக்க இருந்தவர் சவினா, அந்த அரங்கின் பெரிய நட்சத்திரம். கடைசிச் சமயத்தில் அவர் விலகி, கோமிஸ்ஸார்ஷெவ்ஸ்கயா உள்ளே வந்தார். ஒன்பது நாளில் எங்கள் குழுவில் வசனம்கூட முழுசாக ஏறாது. இந்த நாடகத்தில் வசனம் ஏறினால் மட்டும் போதாது. பேசுகிறவள் ஒன்றைச் சொல்வாள், மனசு வேறு எங்கோ இருக்கும். பக்கத்தில் இருப்பவன் அதைக் கேட்காமல் மீன்பிடிப்பதைப் பற்றிப் பேசுவான். செகாவே எழுதும்போது சுவோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார்: ஏரி தெரியும் காட்சி, இலக்கியம் பற்றி நிறையப் பேச்சு, கொஞ்சம்தான் நிகழ்ச்சி, ஐந்து பூத் காதல். ஒரு பூத் என்றால் பதினாறு கிலோவுக்கு மேல். எண்பது கிலோ காதலை ஒன்பது நாளில் தூக்கச் சொன்னால் எந்த நடிகனாலும் முடியாது.

இப்போது 1898-ஐப் பாருங்கள். ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, நெமிரோவிச்-தான்செங்கோ என்ற இரண்டு இயக்குநர்கள் மாஸ்கோ கலை அரங்கத்தைத் தொடங்கிய வருஷம். செகாவிடம் கெஞ்சிக் கெஞ்சி இந்த நாடகத்தை வாங்கியவர் நெமிரோவிச். 80 மணி நேரம் ஒத்திகை. தவளை கத்துவது முதல் நாய் குரைப்பது வரை ஸ்தானிஸ்லாவ்ஸ்கி எழுதி வைத்திருந்தார். டிசம்பர் 17, அரங்கம் நிறையவில்லை. செகாவ் யால்டாவில் காசநோயோடு இருக்கிறார், இன்னொரு தோல்வியை அவர் உடம்பு தாங்காது என்று தங்கை பயந்துபோயிருக்கிறார். நடிகர்கள் நரம்புத் தளர்ச்சிக்கான சொட்டு மருந்தைக் குடித்துவிட்டு மேடை ஏறினார்களாம், மேடை முழுக்க அந்த வாசனை என்று ஸ்தானிஸ்லாவ்ஸ்கி எழுதியிருக்கிறார்.

முதல் அங்கம் முடிந்து திரை விழுகிறது. கீழே சத்தமே இல்லை. இதை அனுபவித்த நடிகர்களுக்குத்தான் அந்த நொடி எப்படி இருக்கும் என்று தெரியும். செத்தோம் என்று நினைத்துவிட்டார்கள். ஆர்கதினாவாக நடித்த ஓல்கா நிப்பர் அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கிறார். அப்புறம் கைதட்டல், அணை உடைந்தது மாதிரி. மேடையிலேயே ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். இன்றைக்கும் அந்த அரங்கத்தின் சின்னம் ஒரு கடற்பறவைதான்.

அதனால் தேம்ஸ்கரையான், பார்ப்பவர்கள் எப்படி இருப்பார்கள் என்பதில் பாதி எங்கள் கையில் இருக்கிறது. நாங்கள் உழைக்காமல் மேடை ஏறிவிட்டு, ரசிகனுக்கு ரசனை இல்லை என்று சொன்னால் அது நியாயம் இல்லை.

பின்வரிசை

அக்கா சொன்ன இரண்டு இரவுக் கதைதான் எல்லோரும் சொல்வது. அதில் ஒரு துண்டு விட்டுப்போகிறது, எனக்கு அது ரொம்ப முக்கியம். பீட்டர்ஸ்பர்க்கிலேயே அக்டோபர் 21-ஆம் தேதி இரண்டாம் முறை போட்டார்கள். அதே நடிகர்கள், அதே காட்சி அமைப்பு. நடுவில் வந்தது நான்கே நாள். அன்றைக்கு நாடகம் நன்றாகப் போனது! நீனாவாக நடித்த கோமிஸ்ஸார்ஷெவ்ஸ்கயாவே வெற்றி, முழு வெற்றி என்று செகாவுக்குக் கடிதம் போட்டார். அப்புறம் மொத்தம் ஐந்து தடவையோடு நிறுத்திவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

நான்கு நாளில் நடிப்பு தலைகீழாக மாறியிருக்காது. மாறியது கீழே உட்கார்ந்தவர்கள். இரண்டாம் நாள் வந்தவர்கள் லெவ்கேயெவாவுக்காக வரவில்லை, செகாவ் நாடகம் பார்க்க வந்தார்கள். அதனால் ‘பாதி எங்கள் கையில்’ என்று நீங்கள் சொல்வது உங்கள் நல்ல மனசு. முதல் இரவில் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் 80 மணி நேரம் ஒத்திகை பார்த்தவர்கள் போட்டிருந்தாலும் சிரித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஸ்டெதஸ்கோப்

நாடகம் அதிகம் பார்த்தவன் இல்லை, மருத்துவன். செகாவும் மருத்துவர் என்பதால் அவரைப் படிப்பேன். ஒன்று மட்டும் சொல்கிறேன்.

ஏரிக்கரையில் அந்தப் பையனின் நாடகத்தைப் பார்ப்பவர்களில் ஒருவருக்கு மட்டும் அது பிடிக்கிறது. டாக்டர் டோர்ன். எல்லோரும் போனபின் தனியாக இருந்து, எனக்கு என்னவோ பிடித்திருந்தது, அந்தப் பெண் தனிமையைப் பற்றிப் பேசியபோது கை நடுங்கியது என்கிறார். பையனைப் பார்த்து எழுது, விடாதே என்கிறார். அவர் விமர்சகர் இல்லை, எழுத்தாளர் இல்லை. பிரசவம் பார்த்துப் பார்த்து ஓய்ந்த கிராமத்து டாக்டர்.

கடைசி அங்கத்தில் டோர்னிடம் வெளிநாட்டில் எந்த ஊர் பிடித்தது என்று கேட்கிறார்கள். இத்தாலியில் ஜெனோவா என்கிறார். ஏன் என்றால் அங்கே சாயங்காலம் தெரு முழுக்க ஜனங்கள். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக அப்படியும் இப்படியும் நடந்தால் எல்லோருக்கும் ஒரே ஆன்மாதான் என்று நம்பத் தோன்றும், அன்றைக்கு நீனா நடித்த அந்த நாடகத்தில் வந்த மாதிரி என்கிறார். இரண்டு வருஷம் கழித்தும் அந்த நாடகம் அவர் மனசில் இருக்கிறது! எழுதிய பையனே அதைத் தோல்வி என்று தள்ளிவிட்டான். தேம்ஸ்கரையான், நீங்கள் சிரித்ததைவிட, சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து தூங்காமல் எங்களுக்கு எழுதியதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மாதுங்காவாசி

டாக்டர் எழுதியதைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர் நாடகம் ஞாபகம் வந்துவிட்டது. கொஞ்சம் தடம் மாறுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மும்பையில் வளர்ந்தவன். மராத்தியில் ‘நடசம்ராட்’ என்று ஒரு நாடகம், வி. வா. ஷிர்வாட்கர் எழுதியது, 1970 டிசம்பரில் முதல் காட்சி. கணபத்ராவ் பேல்வல்கர் என்ற பெரிய நடிகர் ஓய்வு பெறுகிறார். இருப்பதைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு மனைவியோடு அவர்களை நம்பி இருக்கிறார். ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் கதைதான், ஆனால் ராஜ்யம் இல்லை, கைதட்டல்தான் ராஜ்யம். கடைசியில் தெருவுக்கு வந்துவிடுகிறார். முதலில் நடித்தவர் டாக்டர் ஸ்ரீராம் லாகூ. இவரும் டாக்டர்தான், காது மூக்கு தொண்டை மருத்துவர்!

லாகூவை மேடையில் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. பிற்பாடு வேறொருவர் நடித்தபோது அப்பா கூட்டிக்கொண்டு போனார். “யாராவது வீடு தருகிறீர்களா, வீடு?” என்று அந்தக் கிழவர் எங்களைப் பார்த்துக் கேட்கிறார். அது மராத்தி வீடுகளில் எல்லோருக்கும் மனப்பாடமான வசனம். அவர் வாயைத் திறக்கும்போதே எனக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர் உதடு அசைய ஆரம்பித்துவிட்டது. கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, கூடவே வசனமும் சொல்கிறார். அப்பாவும் அழுதார். நான் அப்பா அழுது பார்த்தது அன்றைக்குத்தான்.

அங்கே யாரும் தப்பாகச் சிரிக்கவில்லை. நாடகக்காரனைக் கைவிட்டவர்கள் அவன் பிள்ளைகள், நாங்கள் இல்லை என்று எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. எங்களை அவன் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் ஷிர்வாட்கர் எழுதினார். செகாவ் நம்மை ஆர்கதினா பக்கத்தில் உட்காரவைக்கிறார். எனக்கு அது கொஞ்சம் கடுமையாகத்தான் படுகிறது, ஆனாலும் உண்மை அதில்தான் கூட இருக்கிறது.

பின்வரிசை

மாதுங்கா அண்ணா, எந்தப் பக்கம் உட்காரவைக்கிறார்கள் என்று சொன்னீர்களே, இத்தாலிய நாடகாசிரியர் பிராந்தெல்லோ நம்மை எங்கேயும் உட்காரவிடவில்லை. ‘ஆசிரியரைத் தேடி ஆறு பாத்திரங்கள்’, ரோம், வாலே அரங்கம், 1921 மே. மக்கள் உள்ளே வந்தால் திரை ஏற்கெனவே தூக்கியிருக்கிறது, காட்சி அமைப்பு ஒன்றும் இல்லை, நடிகர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். “பைத்தியக்கார ஆஸ்பத்திரி!” என்று கத்தினார்கள், அடிதடி ஆனது. பிராந்தெல்லோ மகளோடு பக்கவாசல் வழியாக வெளியே போக வேண்டியிருந்தது. அதே வருஷம் மிலானில் போட்டபோது நன்றாக வரவேற்றார்கள். அதற்குள் நாடகம் புத்தகமாக வந்திருந்தது, படித்துவிட்டு வந்திருந்தார்கள். பீட்டர்ஸ்பர்க்கின் இரண்டாம் இரவு மாதிரிதான்.

தேம்ஸ்கரையான்

எல்லோருக்கும் நன்றி. டாக்டர் சார் எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

ஆனால் என் உறுத்தல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. 1896-இல் சிரித்தவர்கள் நாடகத்தை வெறுத்துச் சிரித்தார்கள். நாங்கள் நாடகத்தை நேசித்துக்கொண்டேதான் சிரித்தோம், செகாவ் என்றால் பெரிய ஆள் என்று தெரிந்து, டிக்கெட்டுக்குப் பெரிய தொகை கொடுத்து. எங்களுக்குச் செகாவ் மேல் மரியாதை இருக்கிறது. அந்தப் பையன் மேல்தான் இல்லை. யாரென்றே தெரியாத ஒரு இளைஞன் இப்படி ஒரு நாடகத்தை எங்கள் ஊர்ச் சங்கக் கட்டடத்தில் போட்டால் நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேனா? போன வருஷம் அப்படி ஒரு நாடகத்தில் நடுவில் எழுந்து வந்தவன் நான். அவன் முகம் நேற்றிலிருந்து கண்முன் நிற்கிறது.

ஒத்திகை

தேம்ஸ்கரையான், அந்தப் பையனுக்காக ஒன்று சொல்கிறேன்.

1898-இல் திரெப்லேவாக நடித்தவர் மேயர்ஹோல்ட். புதிய வடிவம் வேண்டும் என்று மேடையில் கத்திய அந்த இளைஞன் பிறகு உண்மையிலேயே புதிய வடிவங்களைக் கொண்டுவந்தார், உலகமே பார்த்தது. 1939-இல் ஸ்டாலின் ஆட்சியில் அவரைக் கைது செய்தார்கள், 1940 பிப்ரவரியில் சுட்டுக் கொன்றார்கள். கோமிஸ்ஸார்ஷெவ்ஸ்கயாவும் 1904-இல் சொந்த அரங்கம் தொடங்கி, கடைசியில் ஊர் ஊராக நாடகம் போட்டுக்கொண்டு போன பயணத்தில் தாஷ்கண்டில் பெரியம்மையில் இறந்தார், 1910-இல். நான்காம் அங்கத்தில், ஊர் ஊராகப் போய் நடிக்கும் நடிகையாகிவிட்ட நீனா, நாளைக்கு மூன்றாம் வகுப்பில் யெலெத்ஸ் என்ற ஊருக்கு ரயில் ஏற வேண்டும் என்று சொல்வதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

நான் நடிகையாக இந்த நாடகத்தில் ஒட்டிக்கொள்வது அந்த இடத்தில்தான். நீனா சொல்வாள்: மேடையில் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை, நிற்கத் தெரியவில்லை, குரல் அடங்கவில்லை, மோசமாக நடிக்கிறோம் என்று நமக்கே தெரிந்துகொண்டு நடிப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். முதல் மூன்று வருஷம் என் கைகள் யாருடையவோ மாதிரி தொங்கின. பக்கத்து அறையில் அதே நேரம் ஆர்கதினாவின் சிரிப்பு கேட்கிறது. அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் லோட்டோ என்ற எண் விளையாட்டு ஆடிக்கொண்டே சொன்னாள், கார்கோவ் நகரில் மாணவர்கள் எனக்குக் கொடுத்த வரவேற்பு, மூன்று கூடை பூ, இரண்டு மாலை என்று. பார்த்தவர்கள் கொடுத்ததை அவள் கணக்கு வைத்திருக்கிறாள். மகன் எழுதியதை இன்னும் படிக்கவில்லை, நேரம் இல்லையாம்.

செகாவ் இதை நகைச்சுவை என்றுதான் எழுதினார். அதனால் நீங்கள் சிரித்தது அவருக்குப் பிடித்துத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 1899 மே மாதம் மாஸ்கோவில் அவருக்காகவே தனியாக ஒரு முறை நடித்துக் காட்டினார்கள். ஊரே அழுத அந்தத் தயாரிப்பில் அவருக்குத் திருப்தி இல்லை. நீனா விசும்பிக்கொண்டே இருக்கிறாள் என்று அவருக்குக் கோபம். ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, ஆர்கதினாவின் காதலனான எழுத்தாளன் திரிகோரினாக நேர்த்தியான உடையில் வந்தார், அவனுக்குக் கிழிந்த காலணியும் கட்டம்போட்ட கால்சட்டையும்தான் வேண்டும் என்றார் செகாவ். அதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாராம். ஸ்தானிஸ்லாவ்ஸ்கிக்கு அது புரிய ரொம்ப நாள் ஆனது.

ஆர்மோனியப்பெட்டி

தம்பி, போன வருஷம் எழுந்து வந்தீர்களே, அந்தப் பையன் இந்த வருஷம் ஏதாவது போடுகிறானா என்று விசாரித்துப் பாருங்கள்.

தேம்ஸ்கரையான்

ஐயா, விசாரித்தேன். போடுகிறான், அடுத்த மாதம். தேதி கேட்டு வாங்கிவிட்டேன்.

நேற்று பார்பிகனுக்கு மறுபடியும் போனேன். திரும்பக் கொடுத்த டிக்கெட் ஒன்று கிடைத்தது, மேல்மாடி. அங்கிருந்து பார்த்தால் மேடையில் உட்கார்ந்து பார்ப்பவர்களும் கீழ்வரிசையில் இருப்பவர்களும் ஒரே கூட்டமாகத் தெரிகிறார்கள், எல்லோருடைய பின்தலையும். விஆர் கண்ணாடி வந்தபோது மறுபடியும் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது, அடக்கவில்லை. அப்புறம் நீனா பேசப் பேச, அந்தப் பெரிய புதருக்கு முன்னால் அவள் எவ்வளவு சின்னதாக நிற்கிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கைகளைப் பார்த்தேன், ஒத்திகை அக்கா சொன்னதிலிருந்து கண் அங்கேதான் போகிறது. டாக்டர் டோர்ன் கை நடுங்கியது என்று சொல்லும் இடத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி, தன் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டாள்.